மூழ்கக் கூடாத கப்பல்

என் கைபேசி விளையாட்டில் எனக்கு ஒரு போர்க்கப்பல் உண்டு. நூறு வருஷத்துக்கும் முந்தைய வடிவம். இரண்டு புகைபோக்கி, பக்கத்துக்குக் கொஞ்சம் பீரங்கி, மாட்டு வண்டி வேகம். கவசக் கப்பல் என்று பெயர். கவசம் எங்கே என்று தேடினால், வயிற்றுக்குள் இன்ஜினுக்கு மேல் கவிழ்த்த ஓர் இரும்பு மூடி, அவ்வளவுதான். விலாவில் வெறும் தகடு. விளையாட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே இதை விட்டுப் பெரிய கப்பலுக்குப் போய்விடுவார்கள். நான் இரண்டு வருஷமாக இதிலேயே இருந்தேன். ஒரு தடவைகூடக் கடைசிவரை மிதந்ததில்லை.

எனக்குக் கூட்டு என் மனைவியின் தம்பி. வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவனும் இதே மாதிரி ஒரு கப்பல் வைத்திருந்தான், என்னோடு சேர்ந்து ஆடுவதற்காகவே. வெள்ளிக்கிழமை காலையானால் அவன் அங்கே அறையிலிருந்தும், நான் சங்கரன்கோவிலில் என் தறிக்கூடத்திலிருந்தும் ஒரே கடலில் இறங்குவோம்.

அதையும் நானே கெடுத்தேன். சொந்தத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் சிரிப்புக் காட்டச் சொன்னார்கள். இல்லை, யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எழுந்தேன். மச்சினன் முதல் தடவை வெளிநாடு போனபோது ரயில்வே ஸ்டேஷனில் எப்படி மூக்கைச் சிந்தி அழுதான் என்று துண்டோடு நடித்துக் காட்டினேன். பந்தியே சிரித்தது. எதிர் வரிசையில், அவனுக்குப் பெண் கொடுப்பதாகப் பேசிக்கொண்டிருந்த வீட்டாரும் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அப்புறம் நகரவில்லை. காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை. அவன் மட்டும் எட்டு மாதமாக எங்கள் போனை எடுக்கவில்லை.

இதற்கிடையில் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே தாய்மாமன்.

"என் தம்பி மடி இல்லாம குத்தப் போறதில்ல," என்றாள் மனைவி. "பிள்ளை மூளிக் காதோட பள்ளிக்கூடம் போகட்டும். கேக்கவங்ககிட்ட, எங்கய்யா கூத்துக் கட்டினாருன்னு சொல்லட்டும்."

போன் எடுக்காதவனுக்கு விளையாட்டு வழியாகவே காதுகுத்துத் தேதியை எழுதிப் போட்டேன். பத்து நாள் பதில் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தது: 'உங்க ஓட்டக் கப்பல்ல முழுகாம ஒரு ஆட்டம் ஜெயிங்க. லீவு எழுதிக் குடுக்கேன். இப்பவே வாங்க.'

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது தறிக்கூடத்து ஜன்னலோரம் மட்டும். ஆறு தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடம்கூடப் பேச முடியாது. எல்லாம் கைச்சாடைதான். சுண்டுவிரலை ஆட்டினால் இழை அறுந்திருக்கிறது, உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. இருபது வருஷப் பழக்கம். இயர்போனை மாட்டி உட்கார்ந்தேன். மனைவி வந்து ஒரு காதுக் குமிழைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"அத்தான், தீவுக்குப் பின்னால வாங்க," என்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை. மனைவியின் கை என் தோளில் இறுகியது.

பக்கத்துக்கு ஏழு கப்பல். நான் வாழ்க்கையில் முதல் தடவையாக வாலைச் சுருட்டிக்கொண்டு ஆடினேன். தீவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு நக்கல் விடவில்லை. விலாவில் இரண்டு குண்டு விழுந்து தீப்பிடித்தது, அணைத்தேன். கடைசியில் எங்கள் பக்கம் நாங்கள் இருவர், எதிரே ஒரே ஒரு சின்னக் கப்பல். ஆனால் அதனிடம் டார்பிடோ இருந்தது. தண்ணீருக்கடியில் ஓடி வரும் அந்தக் குண்டு ஒன்று பட்டால், எங்களைப் போன்ற தகடுகளுக்குக் கதை முடிந்தது.

விசிறி மாதிரி ஐந்து கோடுகள் வந்தன. மூன்று அவனை நோக்கி, இரண்டு என்னை நோக்கி. தீவு மறைத்ததால் அவனுக்குத் தெரியவில்லை.

"அத்தான், எந்தப் பக்கம் திருப்ப? சொல்லுங்க. அத்தான்?"

எனக்குத் தெரிந்தது. இடது. சொன்னேன், கையால். தறிச்சத்தம் காதில், கண் திரையில். இடது கை தானாக எழுந்து ஜன்னலைப் பார்த்து வீசியது. கப்பலைத் திருப்புகிற கட்டைவிரலும் அந்தக் கையில்தான் இருந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்குக் கைச்சாடை காட்டிய மேதை உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"இருக்கீங்களா, இல்லயா?"

இன்னும் பலமாக வீசினேன்.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். என் கழுத்தில் தொங்கிய மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலே, இடது பக்கம் திருப்புலே. இடது."

அவன் திருப்பினான். மூன்று கோடும் அவன் வலப்பக்கமாக உரசாத குறையாகப் போயின. என் கப்பலை யாரும் திருப்பவில்லை. இரண்டும் விலாவில் பட்டன. வயிற்றுக்குள் இருந்த அந்த இரும்பு மூடி எதற்குமே உதவவில்லை. நான் மூழ்கிக்கொண்டிருக்கும்போது அவன் தீவைச் சுற்றி வந்து எதிரியை அடித்தான். வெற்றி என்று திரையில் வந்தது. அதன் கீழே என் கப்பல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.



"முழுகிட்டு, அத்தான்," என்றான்.

"முழுகிட்டு, மாப்ளே."

நாக்கு நுனியில் மூன்று வேடிக்கைப் பேச்சு வந்து நின்றது. நல்ல சரக்குதான். விழுங்கினேன்.

"அன்னைக்குப் பந்தியில நான் செஞ்சது தப்பு," என்றேன். "ஒன்ன ரயிலேத்திட்டு வந்து, நானும் ஸ்டேஷன் குழாயடியில மூஞ்சி கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அத நடிச்சுக் காட்டல."

"இடதுன்னது அக்காதான?" என்றான்.

"ஆமா."

"போனை அக்காகிட்ட குடுங்க."

அவள் போனோடு வெளியே போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. திட்டினாள் என்பது தெரிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் நாலாவது தறியில் அறுந்திருந்த இழையை முடிந்துகொண்டு, ஜன்னலையும் இழையையும் மாறி மாறிப் பார்த்ததில் தப்பான இழையில் முடிந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் கம்பி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. மறு கையால் தன் காது மடலைத் தொட்டாள். பிறகு தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.