டல்லாஸ் போகும் வழியில் ஓர் அடக்கம்

டெம்பிள் ஊரைத் தாண்டிய பிறகுதான் காக்கா வாயைத் திறந்தார். "எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லிட்டேன் தம்பி. அங்க ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." அன்று எங்களுக்கு விடியும் நேரத்தில், காயல்பட்டினத்தில் அவருடைய வாப்பா இறந்துபோயிருந்தார். டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர். அவர் ஊரில் அப்பாவை வாப்பா, அம்மாவை உம்மா, அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகியிருந்தேன். டல்லாஸில் அவருக்கு மதியம் விமானம்; என் வண்டியில் கொண்டுபோய் விடக் கிளம்பியிருந்தேன். நடுவில் எங்கோ இறங்கி மாறி, சென்னை போய், அங்கிருந்து தூத்துக்குடி, அப்புறம் கார். எப்படிப் பார்த்தாலும் ஒன்றரை நாள். அவர்கள் வழக்கத்தில் இறந்தவரை அவ்வளவு நேரம் வைத்திருப்பதில்லை. முகம் பார்க்கக் கிடைக்காது என்று தெரிந்துதான் கிளம்பியிருந்தார்.

வேக்கோவை நெருங்கும்போது அவர் தம்பியிடமிருந்து வீடியோ கால் வந்தது. ஃப்ரீவேயிலிருந்து இறங்கி ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். இங்கே கண்ணைக் கூசும் காலை வெயில். திரையில் இருட்டு, டார்ச் வெளிச்சம், மண் தள்ளும் கைகள். படம் அடிக்கடி உறைந்து நின்றது. "காக்கா, தெரியுதா? தெரியுதா?" என்று தம்பியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "தெரியுது" என்றார். அப்போது திரையில் ஒன்றுமே இல்லை. பிறகு இறங்கிப் போய், புல்தரையில் தனியாக நின்று தொழுதார். பிக்கப் டிரக்கோடு நின்றிருந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். மரியாதையா, பயமா, எனக்குத் தெரியவில்லை.

அவருடைய விசா முத்திரை காலாவதியாகியிருந்தது. இங்கேயே இருக்கும்வரை சிக்கலில்லை, நாட்டை விட்டுப் போனால் மறுபடி முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் இங்கே இருந்தார்கள். அதை நினைத்துத்தான் கேட்டேன்: "காக்கா, எல்லாம் முடிஞ்சிருச்சே. திரும்பிடலாமா?" அவர் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "உம்மா இருக்காங்கல்ல. பாக்குறதுக்கு இன்னும் ஒரு முகம் இருக்கு தம்பி. வண்டிய எடுங்க."

முத்திரை கிடைக்கவில்லை. தூதரகத்தில் தேதியை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார்கள், அவருடைய கம்பெனியும் ஓரளவுக்கு மேல் பொறுக்கவில்லை. கடைசியில் மனைவியும் மகளும் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். விமான நிலையத்தில் மகள் என்னிடம், "ஐ டோன்ட் ஈவன் நோ தட் ஹவுஸ், அங்கிள்" என்றாள். காக்கா பிறந்த வீட்டைச் சொன்னாள். காக்கா இப்போது ஊரிலேயே இருக்கிறார். கூப்பிட்டால் பின்னணியில் உம்மாவின் இருமல் கேட்கும். "உங்களுக்கு வருத்தமில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "இருக்கு. ஆனா இங்க இருக்கேன்" என்றார்.

இங்கே அவர் இருந்த பக்கத்து வீட்டில் இப்போது வேறொரு குடும்பம். பார்த்தால் கையசைப்பார்கள், அவ்வளவுதான். என் விசா முத்திரையும் முடிந்துபோய் நாளாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து அம்மா போனில் கேட்டாள்: "ஏஞ்சாமி, நீ அங்கிருந்து பொறப்பட்டா வந்து சேர எத்தன நேரமாகும்?" விமானம் மாறுவதையும் காத்திருப்பதையும் அவளிடம் எதற்குச் சொல்வது? "ஒரு நாள்தாம்மா" என்றேன்.

"அவ்வளவுதானா? அப்பப் பக்கந்தான்" என்றாள் அம்மா.