என் பையில் இருந்த இரண்டாவது டோக்கன்

நம் பங்குக் கோயிலின் அன்பியக் குடும்பத்தாருக்கு ஸ்டெல்லாவின் வணக்கம். போன தவக்காலத்தில் என்னால் ஒரு மனிதர் செத்திருப்பார். ஆண்டவர் அதைத் தடுத்தார். எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு நாக்கு குழறும், அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

நான் ராயபுரம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஓர் அனல் மின் நிலையத்தில் அப்ரண்டிஸாக இருக்கிறேன். பிறவியிலேயே எனக்கு அவசரம் அதிகம். சாப்பாடு, பேச்சு, ஜெபமாலை எல்லாமே ஓட்டம்தான்.

நிலக்கரியை மாவாக அரைக்கும் பெரிய மில்லில் அன்று பழுதுபார்க்கும் வேலை. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். வெளியே வந்ததும் அவரவர் டோக்கனை அவரவரே எடுக்க வேண்டும். பலகை காலியானால்தான் கதவை மூடி மில்லை ஓட்டுவார்கள். முதல் நாளே எங்களுக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. மாலை கோயிலில் சிலுவைப்பாதைக்கு நான்தான் பாட்டு எடுக்க வேண்டும். மூன்றரைக்குப் பயிற்சி. இரண்டு மணிக்கு என் ஷிஃப்ட் முடிந்ததும் கையுறையைக்கூடக் கழற்றாமல் டோக்கனைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

எர்ணாவூர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. வியர்வை துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தேன். கூடவே இரண்டு டோக்கன்கள் மடியில் விழுந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று பக்கத்துக் கொக்கியில் மாட்டியிருந்த குமரேசன் அண்ணனுடையது.

குமரேசன் அண்ணன் எங்கள் ஃபிட்டர், நெட்டுக்குப்பத்துக்காரர். நான் கிளம்பும்போது மில்லுக்குப் பின்னால் காற்று வரும் குழாய்க்குள் தவழ்ந்து போய் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று டார்ச் அடித்தால் அங்கே இருப்பவர் தெரியமாட்டார். மில்லை ஓட்டினால் சுடுகாற்று அந்த வழியாகத்தான் வரும். பலகையோ இப்போது காலி.

சூப்பர்வைசருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மில் பக்கம் போன் கூடாது, எல்லார் போனும் லாக்கரில். கன்ட்ரோல் ரூம் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவள் நான். கேன்டீன் பானு அக்காவுக்கு மூன்று முறை அடித்தேன். அவரும் எடுக்கவில்லை.

பஸ்ஸிலிருந்து குதித்து எண்ணூரைப் பார்த்து ஓடினேன். அப்போது செய்த ஜெபத்தை ஜெபம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "ஏசப்பா, கேட்டுகினு கீறியா இல்லியா? என்ன இன்னா வேணா பண்ணிக்கோ. அந்தாள மட்டும் வெளிய இட்டாந்துடு!" என்று நடுரோட்டில் கத்தினேன். ஒரு லாரி டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

கையில் போன் அடித்தது. பானு அக்கா.

"இன்னாம்மா, மூணு தபா அடிச்சிகீறே? பாத்திரம் தேய்ச்சிகினு இருந்தேன்."

"அக்கா, கன்ட்ரோல் ரூமுக்கு ஓடுக்கா! மில்லுக்குள்ள குமரேசன் அண்ணன் கீறாரு. ஓட்டாதீங்கன்னு சொல்லுக்கா!"

அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. போனோடு ஓடினார். செருப்புச் சத்தம், மூச்சிரைப்பு, "வுடுய்யா, வழிய வுடு!" என்று யாரிடமோ ஓர் அதட்டல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிமிடங்களை என்னால் எழுத முடியாது. "நிறுத்திட்டாங்கம்மா" என்று அவர் குரல் வந்ததும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கதவை மூடிவிட்டார்களாம். பட்டனில் கை வைக்கிற நேரமாம். திறந்து கூப்பிட்டதும் குமரேசன் அண்ணன் முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து, "இன்னா, டீ வந்துச்சா?" என்று கேட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது, டோக்கன் கொக்கியிலிருந்து தானாக விழுந்திருக்கும் என்று இன்ஜினியர் எழுத ஆரம்பித்திருந்தார். பேசாமல் இருந்தால் தப்பித்திருப்பேன். அந்த ஆசை வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னை என்ன வேண்டுமானாலும் செய் என்று சற்று முன்தான் ஆண்டவரிடம் கத்தியிருந்தேன். அவர் நான் கேட்டதைச் செய்துவிட்டார். இரண்டு டோக்கன்களையும் மேசையில் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். பதினைந்து நாள் வராதே என்றார்கள். அதோடு விட்டதே பெரிய இரக்கம்.

அன்று சிலுவைப்பாதைக்குப் போகவில்லை. பாட்டை வேறு யாரோ எடுத்தார்கள்.

திரும்ப வேலைக்குப் போன நாளில் மறுபடியும் அதே மில். குமரேசன் அண்ணன் தன் டோக்கனை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

"அண்ணா, நான் வேற எடத்துக்குப் போய்டறேன்."

"இன்னாத்துக்கு? நீ இங்கியே நில்லு தங்கச்சி. பலகய நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, குனிந்து உள்ளே போய்விட்டார்.

அவர் வெளியே வர இரண்டரை மணி நேரம் ஆனது. நான் அசையவில்லை. தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. எத்தனையோ தடவை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். மன்னிப்பு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஆண்டவருக்கும், பானு அக்காவுக்கும், குமரேசன் அண்ணனுக்கும் என் நன்றி.

உங்களில் யாராவது பெரிய தப்பைச் செய்துவிட்டு, இனி எந்த முகத்தோடு ஆண்டவரைக் கூப்பிடுவது என்று தவித்துக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தை தேடி நிற்காதீர்கள். ஓடிக்கொண்டே கூப்பிடுங்கள்.