ஒலிபெருக்கியில் கேட்ட பெயர்

திருமலையில் அன்று ஒலிபெருக்கி ஒரு நடிகையின் பெயரைச் சொன்னதும், முடி இறக்கும் மண்டபத்துக்கு வெளியே நின்ற கூட்டம் முழுவதும் திரும்பியது. நான் திரும்பவில்லை. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்குள் ஆறு வயது மகளைத் தேடிக்கொண்டிருந்தேன். சற்று முன்புதான் அவளென்று நினைத்து வேறொரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்திருந்தேன். அதன் தாய் என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. முடியோடு இருந்திருந்தால் எத்தனை கூட்டத்திலும் கண்டுபிடித்திருப்பேன். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளையாகிவிடும் இடம் அது.

அந்த நடிகையின் பெயர்தான் என் ஓரகத்திக்கும். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நகரிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் நடந்துபோய் இடம் பிடித்து வைத்தது. துணிக்கடையில் அவளுக்கு மட்டும் நாற்காலி வரும். புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா மேடம், இன்னிக்கு ஷூட்டிங் இல்லியா?" என்பார். "இருக்குது, நீதான் வில்லன்" என்பாள் அவள். பஸ்ஸே சிரிக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். என் பெயரைத் தெருவில் கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அவள் அழகியாக இருந்திருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

ஒலிபெருக்கி மறுபடியும் அந்தப் பெயரைச் சொல்லி, நகரியிலிருந்து வந்திருப்பவரின் குழந்தை தகவல் மையத்தில் இருக்கிறது என்றது. என்னை முந்திக்கொண்டு ஓடியவள் எங்களோடு மலைக்கு வந்திருந்த ஓரகத்திதான். நடிகையைப் பார்க்க வந்தவர்கள் தகவல் மையத்தை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் இடித்துப் பிடித்து உள்ளே போவதற்குள் மகள் அவள் இடுப்பில் ஏறியிருந்தாள்.

"தல்லி எவரு?" பெற்றவள் யார் என்று அங்கிருந்த ஊழியர் கேட்டார். மகள் என்னைக் காட்டினாள்.

"அப்ப ஏம்மா அந்தப் பேர சொன்ன?" என்று அவர் தமிழில் அவளையே கேட்டார்.

"அம்மா பேரு யாருக்குத் தெரியும்?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சின்னம்மா பேருன்னா எல்லாரும் ஓடியாருவாங்க இல்ல."

கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் சிரித்தார்கள். ஓரகத்தி சிரிக்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அழ வேண்டியவள் நான் அல்லவா?

மகள் இப்போது திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். போனை எடுக்கச் சற்றுத் தாமதித்தால் எனக்கு அந்த மொட்டைத் தலைகள்தான் கண்ணுக்குள் வருகின்றன. அந்த நடிகையை அவள் தோழிகளுக்குத் தெரியவே தெரியாதாம். அதைக் கேட்டு எனக்குள் எழுந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று மலையிறங்கும் பஸ்ஸில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். வளைவுகளில் அவள் தலை சரியாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அடிவாரம் நெருங்கும்போது பக்கத்திலிருந்த ஓரகத்தி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, கால் மரத்துப் பூட்டிருக்கும். கொஞ்ச நேரம் நான் வெச்சிக்கினு வரட்டா?"

இரண்டு காலிலும் உணர்வே இல்லை.

"ஒண்ணும் மரக்கல" என்றேன்.