பேரிங்குல சுத்திக்கின பட்டு

ஒரு மனுசனைக் காரு ஸ்டார்ட் பண்ற கிராங்க் கம்பியால அடிச்சிப் பாத்துருக்குறீங்களா? நான் பாத்தேன். அடிச்சது எங்க நைனா. வாங்குனது எங்க டிரைவரு. தாமல் ஏரிக்கரை ரோடு, பட்டப்பகல்.

நைனாவுக்குப் பிள்ளையார்பாளையத்துல சொந்தப் பட்டுத் தறிங்க. அந்தத் திமிருல ஒரு பழைய மோட்டார் காரு வாங்குனாரு. கியர் பாக்ஸ்ல இருந்த பேரிங்கு தேஞ்சி போச்சின்னு புதுசு போட்டோம். பேரிங்குன்னா பெரிய வித்தை ஒண்ணும் இல்லபா. ரெண்டு இரும்பு வளையம், நடுவுல கோலிகுண்டு கணக்கா உருளுற உருண்டைங்க. வருசக்கணக்கா உழைக்கணும். இது ரெண்டே மாசத்துல ஊளையிட ஆரம்பிச்சி, தாமல் கிட்ட எதையோ மென்னு துப்புற மாதிரி கடகடன்னு கத்திட்டு நின்னுடுச்சி.

நைனா எறங்குனாரு. "கிளட்ச்ச மிதிக்காம கியர் போட்டியாடா?"

"இல்ல மொதலாளி."

பளார்.

"ஏரித் தண்ணியில எறக்குனியா?"

"சத்தியமா இல்ல."

அதுக்கும் ஒண்ணு. அப்புறம் கேள்வியே இல்ல, கம்பிதான். முட்டியில, முதுகுல, வாயில. மாடு ஓட்டிக்கினு போனவனுங்க நின்னு வேடிக்க பாத்தானுங்க. நான் குறுக்க பூந்தேன், எனக்கும் தோள்ல ஒண்ணு வுழுந்துது. பி.ஏ. படிக்கிற தோளுன்னு கம்பிக்குத் தெரியுமா?

டிரைவரு ரத்தத்தத் துப்பிட்டு சொன்னாரு: "கியர் பொட்டியத் தொறந்து பாருங்க மொதலாளி. என் தப்புன்னா கைய ஒடைங்க."

"ஒடைக்கிறேன்டா. ஜென்மத்துக்கும் நீ ஸ்டியரிங் புடிக்கக் கூடாது."

நைனா சும்மா சொல்ற ஆளு இல்ல. ஜரிகை திருடுனான்னு ஒருத்தன் வெரல ஏற்கெனவே ஒடச்சவரு.

மாட்டைப் பூட்டி வண்டிய வீட்டுக்கு இழுத்துக்கினு வந்தோம். மூடியக் கழட்டுனது நானு. எண்ணெ அளவா இருக்குது. தண்ணி கலக்கல. தாறுமாறா கியர் போட்டிருந்தா சக்கரத்துப் பல்லு சிதறியிருக்கும், ஒரு பல்லுகூட போவல. பேரிங்கு மட்டும் செத்துக் கெடக்குது, உருண்டைங்க சூட்டுல நீலம் பூத்து, வளையம் வெடிச்சி. வெரல விட்டேன். மெத்துன்னு என்னமோ தட்டுச்சி. இழுத்தேன், வந்துக்கினே இருந்துது.

பட்டு இழை. ஜரிகையோட.

புதுத் தறி ஓட ஆரம்பிக்கிறப்ப நைனா சூடம் காட்டிட்டு, தன் கையால ஒரு பிரி பட்டு அதுல கட்டுவாரு. எங்க வீட்டு வழக்கம் அது. பேரிங்கு மாத்துன அன்னிக்கும், மூடி போடறதுக்கு முன்னாடி, உள்ள சுத்துற தண்டுல ஒரு பிரி கட்டியிருக்குறாரு மனுசன்! அது அவுந்து, பேரிங்குக்குள்ள சுத்திக்கினு, உருண்டைங்களுக்கு எண்ணெ போவாம அடச்சிடுச்சி. எண்ணெ போவலன்னா எந்தப் பேரிங்குக்கும் அல்பாயுசுதான்.

"நைனா, இது நீ கட்டுனது," ன்னு மூஞ்சிக்கு நேரா தூக்கிக் காட்டுனேன்.

பக்கத்துல நின்ன டிரைவரு சிரிச்சிட்டாரு. ஒடஞ்ச பல்லோட.

"சாமிக்குக் கட்டுனதப் பாத்து சிரிக்கிறியா நீ!" நைனா பாஞ்சாரு. டிரைவரு தடுக்கறதுக்கு வலது கையத் தூக்குனாரு. கம்பி அது மேலயே எறங்குச்சி. சடக். அவரு இடது கையால அந்த செத்த பேரிங்க எடுத்து நைனா தாடையில வுட்டாரு பாருங்க ஒண்ணு, தாடை ஒரு பக்கமா தொங்கிடுச்சி.

போலீசு வந்துது. நைனாவால பேச முடியல, சிலேட்டுல எழுதிக் காட்டுனாரு: வண்டியக் கெடுத்தான், கேட்டதுக்கு அடிச்சான். நான் நடந்தத நடந்தபடி சொன்னேன், பட்டையும் நீட்டுனேன். "பெத்த அப்பனுக்கு எதிரா பேசறியே தம்பி, நீயெல்லாம் படிச்ச புள்ளயா?"ன்னுட்டு ஏட்டு நோட்டையே மூடிட்டாரு.

டிரைவரு இப்போ சப் ஜெயில்ல இருக்குறாரு, கைக்கு இன்னும் கட்டுப் போடல.