ஒன்பது கதவு வரிசை

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆற்றை ஒட்டி ஒன்பது வீடுகள் ஒரே கூரைக்கடியில் நின்றன. ஊரில் அதை ஒன்பது கதவு என்பார்கள். அந்த வீடுகளின் சுவர்களைப் பற்றி அய்யாவுக்குத் தெரிந்த அளவு அங்கே குடியிருந்தவர்களுக்கே தெரியாது. அவர் நகர ஆபீஸில் கட்டட ஓவர்சியர். 1942 ஜனவரியில் ஜப்பான் படை கோலாலம்பூருக்குள் வந்தது. வெள்ளைக்காரத் துரை இருந்த நாற்காலியில் ஒரு ஜப்பானிய அதிகாரி உட்கார்ந்தார். அய்யாவு எப்போதும்போல் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பையில் தூக்குக்குண்டும் அளவு நாடாவுமாக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்கும் ஆளாக மலாயாவுக்கு வந்தவர். எழுதப் படிக்க இங்கேதான் கற்றுக்கொண்டார். ஓவர்சியரான மூன்றாம் வருஷம், ஒரு வீட்டின் சமையல்கட்டுச் சுவர் சாய்ந்திருப்பதைப் பார்த்தும், அந்த வீட்டுப் பெண் கெஞ்சியதால் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். பத்தாம் நாள் சுவர் விழுந்து அவளும் அவள் தம்பியும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு அய்யாவு யாருக்கும் தவணை கொடுத்ததில்லை. அவர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே சில வீடுகளில் கதவைச் சாத்திவிடுவார்கள். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

1944 கடைசியில் மழை விடாமல் பெய்தது. ஒன்பது கதவின் ஆற்றுப்பக்கச் சுவரில் கீழிருந்து மேல்வரை ஒரு வெடிப்பு ஓடியது. அய்யாவு அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்புக் கலவையால் ஒட்டிவைத்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். நான்காம் நாள் அது இரண்டாகக் கிடந்தது. அன்றே எல்லாக் குடும்பங்களையும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாரும் காலி பண்ணணும். குட்ஸ் யார்டுக்குப் பக்கத்துல ரயில்வே லைன் வீடு சும்மா கிடக்கு. இருந்த ஆளுங்களைச் சயாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அங்க குடும்பத்துக்கு ஒரு அறை கிடைக்கும்."

நல்லம்மாளின் கணவனையும் அப்படித்தான் சயாம் ரயில் பாதை வேலைக்கு லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒன்றரை வருஷமாகத் தகவல் இல்லை. மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பாசாரில் விற்று, ஒன்பது வயது மகள் ரமணியை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க வேண்டாங்கய்யா" என்றாள். "சண்டை திரும்பி வந்தா மொதல்ல ரயிலத்தானே அடிப்பான். இதோ பின்னால இருக்கிற மேட்டுலயே குடிசை போட்டுக்கிறோம்."

"மேட்டுல குடிசை போட ரூல் இல்லம்மா."

"ரூலு யாரு போட்டதுங்கய்யா? போட்டவங்களே ஓடிட்டாங்களே."

அதே வரிசையில் ஒரு வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த முத்து முகம்மதும் அவளுக்காகப் பேசினார். "அண்ணே, அந்தப் பொண்ணு சொல்றதுலயும் விஷயம் இருக்கு லா. கொஞ்சம் யோசிங்க."

"பாய், சண்டை எங்கயோ நடக்குது. சுவரு இங்க நிக்குது. நாளைக்கு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

நகர ஆபீஸ் படிவத்தில், குடியிருப்போருக்கு ஆட்சேபம் உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அய்யாவு அதில் 'இல்லை' என்று எழுதினார். உண்டு என்று எழுதினால் விசாரணை வைப்பார்கள், ஒரு மாதம் ஓடிவிடும். சமையல்கட்டுச் சுவர் அவருக்கு மறக்கவில்லை. ஜப்பானிய அதிகாரி படித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார். இரண்டு நாளில் ஒன்பது குடும்பங்களும் லைன் வீட்டுக்குப் போயின. நல்லம்மாளின் கிழங்குப் பானையை அய்யாவு தன் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

1945 மார்ச்சில் ஒரு முற்பகல் நேச நாட்டுக் குண்டு விமானங்கள் வந்தன. அய்யாவு ஆபீஸிலிருந்தே சத்தத்தைக் கேட்டார். புகை யார்டு பக்கம் எழுவதைப் பார்த்ததும் சைக்கிளை மறந்து ஓடினார். லைன் வீடுகளின் ஒரு கோடி இல்லாமல் போயிருந்தது. நல்லம்மாள் பாசாருக்குப் போயிருந்தாள். ரமணி வீட்டில் இருந்தாள். ஒன்பது கதவிலிருந்து வந்தவர்களில் ரமணியோடு ஆறு பேர் இறந்துபோனார்கள். அய்யாவு செங்கல்லைக் கையால் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையை வெளியே எடுத்தவர் அவர்தான். தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் அவரைத் திட்டவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், மிஞ்சியவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது கதவுக்கே திரும்பினார்கள். கதவில் ஆபீஸ் அடித்திருந்த பலகையைப் பிடுங்கி அடுப்பெரித்தார்கள். சுவர் அப்படியேதான் நின்றது. வெடிப்பில் முன்பு விரல்கூட நுழையாத இடத்தில் இப்போது உள்ளங்கை நுழைந்தது.

ஒரு வாரம் அய்யாவு அந்தப் பக்கமே போகவில்லை. வெளியேறுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. எட்டாம் நாள் போய் முத்து முகம்மதின் வாசலில் நின்றார்.

"பாய், போங்கன்னு சொல்ல வரல. ஆனா சுவரு நெசமாவே விழும். முட்டுக் கொடுக்கணும். யார்டுல எரிஞ்ச வேகன் பக்கத்துல தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டை கிடக்கு."

"ஜப்பான்காரன் பார்த்தா தலையை எடுத்துருவான் அண்ணே."

"நான் முன்னால வரேன். கேட்டா ஆபீஸ் வேலைன்னு சொல்றேன்."

நான்கு ஆண்களும் அய்யாவுமாகப் பத்துக் கட்டைகளைத் தூக்கி வந்தார்கள். அவர் சட்டையைக் கழற்றிவிட்டு, பள்ளம் தோண்டி, ஒவ்வொரு கட்டையையும் சாய்த்து ஆப்பு அடித்தார். ஆற்றோரத்து இரண்டு வீடுகளை மட்டும் காலியாக விடச் சொன்னார். அந்த இரண்டில் ஒன்று நல்லம்மாளுடையது. அவள் பானையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு மாறினாள். அதன் பிறகு மழை பெய்த நாளெல்லாம் அய்யாவு வந்து ஆப்புகளைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். யாரும் கதவைச் சாத்தவில்லை. யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை.

ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் நகர ஆபீஸின் வீட்டு வேலைகளை மேற்பார்க்க ஒரு சிறு குழு உட்கார்ந்தது. ஒரு ராணுவ அதிகாரி, ஒரு டாக்டர், ஊர்க்காரர் மூன்று பேர். குடியிருக்கத் தகாதது என்று ஆபீஸே அறிவித்த வீட்டில் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் அய்யாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சண்டைக் காலத்தில் ஆபீஸ் உத்தரவு மதிக்கப்படவில்லை என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். ஆபீஸின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கன்னையா அதைத்தான் சொல்லும்படி முதல் நாளே சொல்லியிருந்தார்.

அய்யாவு படிவத்தை மேசைமேல் வைத்தார். "இதுல ஆட்சேபம் இல்லைன்னு எழுதியிருக்கு. எழுதினது நான். அது பொய். யார்டு பக்கம் வேண்டாம், ரயிலைத்தான் அடிப்பாங்கன்னு ஒரு அம்மா என்கிட்ட சொன்னாங்க. நான் எழுதல. அவங்க மகள் உட்பட ஆறு பேரு செத்துட்டாங்க. அதுக்கப்புறம் வெளிய போங்கன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. முட்டுக் கொடுத்து நான்தான் இருக்க விட்டேன்."

டாக்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கன்னையா தலையைக் குனிந்துகொண்டார். ராணுவ அதிகாரி மொழிபெயர்ப்பைக் கேட்டு முடித்துவிட்டு, அந்த ஜனங்களுக்கு இப்போது என்ன வேண்டும் என்று கேட்டார்.

"அதை அவங்ககிட்டதான் கேக்கணுங்க" என்றார் அய்யாவு.

அய்யாவை ஓவர்சியர் வேலையிலிருந்து இறக்கி, சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அவர் அதை எதிர்க்கவில்லை. ஆனால் குழுவில் இருந்த இரண்டு பேர் ஒன்பது கதவுக்கு நேரில் வந்து, முத்து முகம்மது வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நல்லம்மாள் முதலில் சொன்ன அதே மேட்டில், தண்டவாளத்திலிருந்து தள்ளி, மரத்தால் பன்னிரண்டு அறைகள் எழுந்தன. கிடங்கிலிருந்து பலகையும் ஆணியும் அனுப்பியது அய்யாவுதான்.

டிசம்பரில் குடும்பங்கள் மாறிய மூன்றாம் நாள், ஒன்பது கதவை இடிக்க ஆட்கள் வந்தார்கள். வேலை நேரம் முடிந்து அய்யாவும் வந்து நின்றார். மூன்றாவது முட்டுக் கட்டையை எடுத்ததுமே சுவர் தானாகச் சரிந்து ஆற்றுப்பக்கம் விழுந்தது. சுத்தியல் படவே இல்லை.

"நீங்க சுவரைப் பத்திச் சொன்னது சரிதான் அண்ணே" என்றார் முத்து முகம்மது.

அய்யாவு தூசி அடங்கும்வரை நின்றார். மேட்டிலிருந்து நல்லம்மாள் இறங்கி வந்தாள். மார்ச்சுக்குப் பிறகு அன்றுதான் அவரிடம் வாய் திறந்தாள்.

"அடுப்புக்கு மூணு கல்லு எடுத்துக்கட்டுமாங்கய்யா?"

அவர் குவியலில் இறங்கி, ஓரம் உடையாத மூன்று செங்கல்லைத் தேடி எடுத்தார். ஒட்டியிருந்த சுண்ணாம்பை ஓர் ஆளின் கொத்துக்கரண்டியை வாங்கிச் சுரண்டினார். அவள் கை நீட்டினாள். கனம் என்று சொல்லிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் மேடு ஏறினார்.