அரசி பலகையில் எழுதிய நேரம்

அரசி போய்விட்டாள் என்ற செய்தி, அமீர்பேட் மெட்ரோவின் நகரும் படிக்கட்டில் நிற்கும்போது வந்தது. மல்காஜ்கிரியிலிருந்து அவள் தம்பி பேசினார். அவர் சொல்லி முடித்த பிறகும் படிக்கட்டு என்னை மேலே கொண்டுபோய்க்கொண்டே இருந்தது.

அவளிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பயிற்சி மையத்தில் அமெரிக்க வரலாறு அவளுடையது. பக்கத்து வகுப்பு என்னுடையது. பழைய நூற்பாலைகளைப் பற்றி அவள் பேசினால், மே மாத வெயிலிலும் எங்கோ பனி பெய்வது போலிருக்கும். என் பாடத்தை நிறுத்திவிட்டுத் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருப்பேன். வேலை முடியும் நேரம் நெருங்கினால் மெதுவாக ஓடிய ஆலைக் கடிகாரங்கள். அவற்றை நம்பித் தறியோடு நின்ற பெண்கள். பத்து மணி நேர வேலை கேட்டு, ஓட்டுரிமை இல்லாத அவர்கள் சட்டமன்றத்துக்கு எழுதிய மனு.

எங்கள் சுவர்க் கடிகாரமும் மாலையானால் பதினைந்து நிமிடம் பின்னால் போய்விடும். யார் திருப்பியது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு நாள் அரசி தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். பாடம் முடிந்ததும் பலகையின் மூலையில் சரியான நேரத்தை எழுதிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் எழுதினாள்.

பிறகு கடிகாரத்தைப் பற்றி நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதினாள். மூத்தவள் நான் போட்டால் மற்றவர்களும் கையெழுத்துப் போடுவதாக இருந்தார்கள். நான் போடவில்லை.

"பயமா, ஹேமா?"

"ஹவ், பயம்தான். வீட்டுல என் சம்பளம் ஒண்ணுதானே அரசி."

"அந்த ஆலைப் பொண்ணுங்களுக்கு ஓட்டு இல்ல, கையெழுத்து இருந்துச்சு. உனக்கு ஓட்டு இருக்கு, கையெழுத்துதான் இல்ல" என்று சிரித்தாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மனு அவள் பெயரோடு மட்டும் போனது. அடுத்த மாதம் அவளுக்கு வகுப்பு இல்லை என்றார்கள். அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் என் வீட்டுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், "நக்கோ, நக்கோ. அதெல்லாம் வேணாம், போய் டீ போடு" என்பாள். கடைசிவரை என்னைக் கேட்கவே விடவில்லை.

காரியங்கள் முடிந்ததும் தம்பி அந்தக் கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்தார். "அக்கா உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருந்தாங்க." அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது.

திங்கட்கிழமை அதைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பாடம் முடிந்தபோது சுவரில் ஆறே முக்கால். என் கையில் ஏழு. பலகையின் மூலையில் ஏழு என்று எழுதினேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.