தம்பிக்கு இடம் கேட்ட அம்மா

அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகனாகிய நான் எழுதுகிறேன்.

மாகறலில், சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாத குடும்பத்தில் பிறந்தவர் அம்மா. சிறு வயதிலேயே தாயை இழந்து, தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு நடவுக்குப் போனவர். ஏனாத்தூருக்கு மருமகளாக வந்ததும் தம்பியையும் இங்கேயே அழைத்துக்கொண்டார். கல்லூரி விடுதியொன்றில் சமைத்து எல்லோரையும் காப்பாற்றினார்.

பிற்காலத்தில் அந்தத் தம்பி, எங்கள் மாமா, ஞானஸ்நானம் பெற்றார். ஆடிக் கூழைப் படைப்பதற்கு முன்பே அம்மா அவருக்கு ஒரு சொம்பு எடுத்துவைத்துவிடுவார். படைத்ததை மாமா குடிக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

மாமா மாரடைப்பில் இறந்தபோது, எங்கள் தெருவின் இடுகாட்டில் இடமில்லை என்று தெருக்காரர்கள் வழியை மறித்தார்கள்.

"மதம் மாறிப் போனவருக்கு இங்க என்னா வேலை?"

அம்மா கைகூப்பினார். "அவன் என் கூடப் பொறந்தவம்பா. சாமி கேக்காத கேள்விய நீங்க ஏம்பா கேக்குறீங்க?"

ஒருவரும் இறங்கி வரவில்லை. வெயில் ஏறியது. கடைசியில் காஞ்சிபுரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு வண்டியில் கொண்டுபோனோம்.

அடுத்த ஆடியில் மாமாவின் மகன் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கரகத்தை மறிக்கக் கிளம்பினான். அம்மா குறுக்கே நின்றார்.

"வழி வுடு அத்தை. எங்கப்பாவுக்கு வுட்டாங்களா?"

"வுடல. நானும் மறக்கல. அதையே நீயும் செஞ்சா, உங்கப்பாவுக்கு அது என்னாடா மரியாத?"

அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். கரகம் தடையின்றிப் போனது. அதற்காக அம்மாவுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. தம்பி வீட்டோடு உறவு விடாதவர் என்று சொல்லி, கூழ் ஊற்ற அழைப்பதையும் நிறுத்தினார்கள். அம்மா மட்டும் கோவில் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு வருவார்.

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த நாட்களில் அவரை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றது அந்த மருமகன்தான். பாடைக்கும் தோள் கொடுத்தான். இடுகாட்டு வாசலில், "நீ வெளியவே நில்லு" என்றார்கள்.

நான் பாடையை இறக்கச் சொன்னேன். "அவன் வரலன்னா நாங்களும் வரல."

பிறகு எங்கள் தெருக்காரர் ஒருவர் கூட்டத்திலிருந்து வந்து அவன் கையைப் பிடித்தார். "வாப்பா. உங்க அத்தைக்கு மண்ணு போடு."

ஆனால் இடுகாட்டின் வழக்கம் இன்றும் மாறவில்லை. மாமா வீட்டில் யார் இறந்தாலும் காஞ்சிபுரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

அம்மாவை முறைவைத்துப் பார்த்துக்கொண்ட விடுதித் தோழியருக்கும், துக்கத்தில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அன்று கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போனவர், தன் பெயரை இதில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. அவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.